ஹார்ட்டை நறுக்காமல் தரும் கறிக்கடை

சேலம் தாதகாப்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கறிக்கடை. பெயர்ப்பலகை கிடையாது, பச்சைத் தார்ப்பாய்தான் அடையாளம். கறி நன்றாகத்தான் இருக்கும், எலும்பு மட்டும் கொஞ்சம் தாராளம். நான் எழுத வந்தது அங்கே கிடைக்கும் ஆட்டு ஹார்ட்டைப் பற்றி. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு வீட்டில் பயாலஜி டியூஷன் எடுக்கிறேன். சுற்றோட்டப் பாடம் வந்துவிட்டால் எனக்கு முழு ஹார்ட் வேண்டும்.

மற்ற கடைகளில் ஈரலோடு சேர்த்து நாலாக நறுக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ரத்தக்குழாய்களையும் ஒட்ட அறுத்திருப்பார்கள். அது வறுவலுக்கு ஆகும், பாடத்துக்கு ஆகாது. இங்கே, "மேல இருக்கற குழாயெல்லாம் ரெண்டு விரக்கடை விட்டு அறுங்க பாய்" என்றேன். "பிள்ளைங்களுக்கா டீச்சர்? ஜவ்வுகூட உரிக்காம வைக்கிறேன்" என்றார். வைத்தும் இருந்தார்.

மனுஷ இதயம் சுமார் 300 கிராம், இது அதைவிடச் சிறிசு. ஆனால் நாலு அறை, நாலு வால்வு எல்லாம் அதே அமைப்பு. உள்ளே உறைந்திருக்கும் ரத்தத்தைக் குழாயடியில் அலசிவிட்டுப் பார்த்தால் முதல் ஏமாற்றம்: புத்தகத்தில் இருக்கிற நீலம், சிவப்பு எதுவும் இல்லை, எல்லாக் குழாயும் வெளுப்பு. விரலால் நசுக்கித்தான் கண்டுபிடிக்கணும். உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி தடிப்பாக, வாய் மூடாமல் நிற்கும். நுரையீரல் தமனி கொஞ்சம் மெலிசு. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள் துவண்டு கிடக்கும். நுரையீரல் தமனிக்குள் தண்ணீர் ஊற்றினால் அரைச்சந்திர வால்வின் மூன்று மடல்களும் சட்டைப் பை மாதிரி உப்பி வழியை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கீழே இறங்காது. இதைப் பார்த்த பையன் வால்வு எதற்கு என்று மறுபடி கேட்கவே மாட்டான்.

பிறகுதான் கத்தி. இடது வெண்ட்ரிக்கிள், அதாவது கீழறை, சுவர் வலதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். வலது பக்கம் அருகிலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், 25 மி.மீ. பாதரச அழுத்தம் தாராளம். இடது பக்கம் கால் கட்டைவிரல் வரை அனுப்பணும், அதற்கு 120 வேண்டும். பெருந்தமனி வால்வுக்குச் சற்று மேலே இரண்டு சின்ன ஓட்டை இருக்கும். அதில் ஈர்க்குச்சியை விட்டால் கரோனரி தமனி போகும் வழி தெரியும். ஊருக்கெல்லாம் பங்கு போடுவதற்கு முன்னால் இதயம் தனக்கு எடுத்துக்கொள்ளும் பங்கு அது.

நடுச்சுவரைக் குச்சியால் குத்திப் பார்க்கவும் விடுவேன். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ரத்தம் வலமிருந்து இடம் போகிறது என்று பழைய கிரேக்க மருத்துவர் காலன் (Galen) சொன்னதை ஆயிரம் வருஷத்துக்கு மேல் நம்பினார்கள். துளையே இல்லை, நுரையீரல் வழியாகத்தான் போகிறது என்று 13-ஆம் நூற்றாண்டில் எழுதியவர் கெய்ரோவில் மருத்துவராக இருந்த இப்னு அல்-நஃபீஸ். இதைப் பாயிடம் சொன்னேன். "ஆட்ட அறுத்தவன் எவனக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பானே டீச்சர்" என்றார்!

அப்புறம் போர்டில் கணக்கு. ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆக 5,040 மி.லி. மணிக்கு 300 லிட்டர். அத்தனை ரத்தம் சாப்பாட்டிலிருந்து புதிதாக ஊற வழியில்லை, இருப்பதேதான் சுற்றி வரணும். 1628-ல் ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி வாதிட்டதும் இந்த வழியில்தான். தமனியிலிருந்து சிரைக்கு எப்படிப் போகிறது என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை. அவர் இறந்த பிறகு, 1661-ல், தவளை நுரையீரலில் இரண்டையும் இணைக்கும் மயிரிழைக் குழாய்களான தந்துகிகளைக் கண்டவர் இத்தாலிய மருத்துவர் மால்பிகி.

குறை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் பாய் முகம்கொடுத்துப் பேச மாட்டார், கூட்டம் அப்படி. ஒருமுறை கடைப்பையன் நல்ல எண்ணத்தில் நடுவாகப் பிளந்து கழுவிக் கொடுத்துவிட்டான், அன்றைய வகுப்பு போச்சு. காசும் திருப்பித் தரவில்லை. வாரநாளில், முந்தின நாளே சொல்லி வையுங்கள். பெரிய கிடாவுடையதாகக் கேளுங்கள். குட்டி ஹார்ட்டில் ஈர்க்குச்சி நுழையாது.