ஹெட்லைட் மஞ்சளை எடுப்பது சுலபம்தான், அந்த ஓரத்தைத் தவிர

"பல் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா ஹெட்லைட் வெள்ளையாயிடுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆகும். வெயிலில் நிற்கிற வண்டி என்றால் சில வாரங்களில் திரும்ப மங்கும். பேஸ்ட்டில் இருப்பது சன்னமான உராய்வுப் பொடி. மேலாக மங்கிப்போன அடுக்கைக் கொஞ்சம் வழிக்கும், அவ்வளவுதான்.

இதைவிட மோசம் கொசு விரட்டி ஸ்ப்ரே. அதிலுள்ள டீட் என்ற கொசு விரட்டும் ரசாயனம், லென்ஸ் செய்யும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை இளக்குகிறது. இளகிய மேற்பரப்பு வழவழவென்று ஆவதைத்தான் வீடியோக்களில் பளபளப்பு என்று காட்டுகிறார்கள். பிறகு பிசுபிசுப்பு வரும், தூசி ஒட்டும், மயிரிழை விரிசல் விழும். பக்கத்து பெயிண்டில் சொட்டினால் அதுவும் போச்சு. கப்பில் ஊற்றிச் சூடாக்கி லைட்டுக்கு ஆவி பிடிக்கும் கிட்டுகளில் பெரும்பாலும் குளோரோஃபார்ம் வகைக் கரைப்பான்தான் இருக்கிறது. மூடிய ஷெட்டில் வைத்து அதை முகர்வதற்கு ஹெட்லைட் மங்கலாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்பாசிடரின் முகப்பு விளக்கு நிஜக் கண்ணாடி. கல் பட்டால் உடையும், மஞ்சளாகாது. இப்போதைய லென்ஸ் பாலிகார்பனேட். அதன்மேல் கம்பெனியில் கடினமான மேல்பூச்சு ஒன்று போட்டு அனுப்புகிறார்கள். புற ஊதாக் கதிரில் முதலில் செத்துப்போவது அந்தப் பூச்சுதான், பிறகு அடியிலுள்ள பிளாஸ்டிக். ஆகவே செத்த பூச்சை முழுதாக எடுக்கவேண்டும், புதிதாக ஒன்று போடவேண்டும். இதில் பாதியை மட்டும் செய்வதெல்லாம் வீண் வேலை.

தொடங்குமுன் லென்ஸை நன்றாக நனைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெளிந்தால் கோளாறு வெளியே இருக்கிறது, தேய்த்தால் சரியாகும். நனைத்தும் மங்கல் போகவில்லையென்றால் உள்பக்கமோ, பல்பின் ஒளியை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டரோ போயிருக்கும். வயரிங்கை மாற்றாமல் 60/55 வாட் இருந்த இடத்தில் 100/90 பல்பு போட்ட வண்டிகளில் ஹோல்டரும் கருகி ரிஃப்ளெக்டரும் வெளுத்திருப்பது சாதாரணம். அங்கே வாட்டர் பேப்பருக்கு, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளுக்கு, வேலையில்லை.

பெயிண்ட் கடையில் 400, 600, 800, 1000 நம்பர் வாட்டர் பேப்பர் (நம்பர் கூடக்கூட சன்னம்) வாங்கி, பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு கார் ஷாம்பு. லென்ஸைச் சுற்றி மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு. 400-இல் தேய்க்கும்போது முதலில் மஞ்சள் பால் வடியும். அது வெள்ளையாக மாறும்வரை விடக்கூடாது. துடைத்துக் காயவிட்டுப் பார்த்தால் லென்ஸ் முழுக்க ஒரே மாதிரி வெளிறியிருக்க வேண்டும். நடுவில் தீவுபோல் பளபளக்கும் திட்டு தெரிந்தால் பழைய பூச்சு அங்கே மிச்சம். அடுத்தடுத்த நம்பருக்குப் போகையில் கையின் திசையை மாற்றுங்கள், ஒன்றில் குறுக்காக, அடுத்ததில் நெடுக்காக. முந்தைய கீறல் மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். 400-இலிருந்து நேராக 1000-க்குத் தாவினால் கீறல் அப்படியே நிற்கும், இரவில் பல்பு எரியும்போது வலைவலையாகத் தெரியும்.

இனி டூ-கே கிளியர் கோட், அதாவது ஹார்ட்னர் கலந்து இறுகும் நிறமில்லாத ஸ்ப்ரே பூச்சு. இதில்தான் எனக்குக் குறையாத சந்தோஷம். 1000 நம்பரோடு நிறுத்திவிடலாம், காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை போட்டு மெருகேற்றத் தேவையில்லை. செய்யவும் கூடாது, காம்பவுண்டின் எண்ணெய் மிச்சமிருந்தால் பூச்சு குழிகுழியாக விலகும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைக்கவும், தின்னர் கிட்டவே வரக்கூடாது. டின்னின் அடியிலுள்ள பட்டனை அழுத்தினால் ஹார்ட்னர் கலக்கும். முதலில் பனி படிந்ததுபோல் மெல்லிய பூச்சு, பத்து நிமிட இடைவெளியில் இன்னொன்று, கடைசியாக ஈரமாக ஒன்று. அந்தக் கடைசிப் பூச்சு விழும் நொடியில் வெளிறிய லென்ஸ் புதுசாகத் தெளிகிறது. பழகிய கைக்கும் அலுக்காத காட்சி. நிழலில், காற்றில்லாத, மழை ஈரமில்லாத நாளில் அடியுங்கள், ஈரக்காற்றில் பால்போல் வெளுக்கும். ஹார்ட்னரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு, துணி மாஸ்க் போதாது, கரிவடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். கலந்த டின்னை மறுநாளுக்குமேல் வைத்திருக்க முடியாது என்பதால் இரண்டு லைட்டையும் ஒரே நாளில் முடியுங்கள்.

நன்றாக அடித்த பூச்சு வெயிலிலும் வருடக்கணக்கில் நடுவில் மஞ்சள் காட்டாது. சனியன் பிடித்தது ஓரம்தான். பானெட் விளிம்புக்கு அடியிலும் பம்பர் சேரும் இடத்திலும் விரல் நுழையாது. அங்கே நகத்தளவு பழைய பூச்சு தங்கினாலும், அதன்மேல் ஒட்டிய புதுப்பூச்சு அதோடு சேர்ந்து உரியும். வாட்டர் வாஷில் பிரஷர் தண்ணீர் அந்த முனையைப் பிடித்துவிட்டால் தோல் தோலாகக் கிளம்பும். ஒட்டுப்போட வழியில்லை, மறுபடி 400-இலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பானெட்டைத் திறந்துவைத்து, ஐஸ் குச்சியில் பேப்பரைச் சுற்றித் தேய்த்தால் ஓரளவு கிடைக்கும். டேப்பைப் பூச்சு முழுதாகக் காயுமுன், பின்பக்கம் மடித்து இழுத்து உரித்தால் விளிம்பு மேடு நிற்காது. முழுக் குணம் வேண்டுமென்றால் டூமை, அதாவது ஹெட்லைட்டை முழுசாக, கழற்றித்தான் செய்யவேண்டும், பல வண்டிகளில் அதற்கு பம்பரையே இறக்கணும்.

இத்தனை புகழ்ந்தபின் சொல்கிறேன்: என் பழைய வண்டிக்கு அடுத்த முறை இதைச் செய்யப்போவதில்லை. பம்பரை இறக்குவதென்று ஆனபின் தேய்ப்பானேன், புது டூமே மாட்டிவிடலாம். உங்கள் வண்டிக்கு டூம் விலை கையைக் கடிக்கும் என்றால் மட்டும் வாட்டர் பேப்பரை எடுங்கள். புதுசு மாட்டினால் சுவருக்கு நேரே நிறுத்தி லோ பீம் உயரத்தைச் சரிபார்த்துவிட்டு, அன்றைக்கே அதன்மேல் பிபிஎஃப் என்ற ஒளிபுகும் பாதுகாப்புப் படலம் ஒட்டிவிடுங்கள். மஞ்சளானால் படலத்தை உரித்து மாற்றினால் போதும்.