நெல்லையிலிருந்து தூண்டிலோடு மாலத்தீவுக்கு

வளைகுடாவில் இருந்து ஆனி, ஆடியில் ஊருக்கு வருகிறவர்கள் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். குற்றாலத்தில் சீசன் களைகட்டும் நாட்கள் மேற்குக் கடல் தீவுகளில் மீன் பிடிக்க ஏற்ற நாட்கள் அல்ல. குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருவதும் தென்மேற்குப் பருவக்காற்றுதான், தீவுகளைச் சுற்றிக் கடலைக் கொந்தளிக்க வைப்பதும் அதேதான். இதை எனக்குச் சொன்னவர் எந்தப் பயண ஏற்பாட்டாளரும் இல்லை. தூத்துக்குடியில் தோணி ஓட்டி ஓய்ந்த ஒரு தண்டல், அதாவது தோணித் தலைவர்.

நாங்கள் மஸ்கட்டில் இருக்கிறோம். என் மகனுக்குக் கடற்கரையில் தூண்டிலோடு நின்றால் சோறு தண்ணி வேண்டாம். அவனுடைய தாத்தா, என் அப்பா, தாமிரபரணியில் கெண்டையும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்தவர். ஆனால் கடலில் ஒரு தடவைகூடத் தூண்டில் போட்டதில்லை. இரண்டு பேரையும் ஒரே படகில் உட்கார வைத்து ஒரு தீவுப் பக்கம் மீன் பிடிக்க வைக்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இனியும் தள்ளிப்போட மனமில்லை. அதனால் இந்த விடுமுறையில் பாளையங்கோட்டையில் இருந்தபடியே அடுத்த கோடைக்கான ஏற்பாடுகளை முடித்துவிடுவது என்று இறங்கினேன். எங்கே என்ன உதவி கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்பதைப் பிறருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஊரில் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்துக்குப் போனோம். ஏசி, காபி, மரியாதை எல்லாம் நன்றாகவே இருந்தது. தண்ணீருக்கு மேல் கட்டிய வில்லா, கடல் விமானம் என்று கணினியில் படம் படமாகக் காட்டினார்கள். "ஜூலைல போட்டா பாதி ரேட்டுக்கா. இப்பவே புக் பண்ணிருங்க" என்றார் அந்தத் தம்பி.

"மீன் பிடிக்க முடியுமா?"

"அதெல்லாம் ரிசார்ட்ல கூட்டிட்டுப் போவாங்கக்கா."

"அந்த மாசத்துல கடல் எப்படி இருக்கும்?"

"தீவுதானக்கா, சூப்பரா இருக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. எனக்கு உண்மையான வருத்தம் அவர் எழுதிக் கொடுத்த விலைச் சீட்டில்தான். அதில் வரிகள் எதுவும் இல்லை. மாலத்தீவில் தங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இரவுக்கும் பசுமை வரி உண்டு. 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் தலைக்கு 12 டாலர், 50 அறை வரை உள்ள விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். நாலு பேர் ஐந்து இரவு ரிசார்ட்டில் தங்கினால் அதுவே 240 டாலர். இது போக, 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதச் சுற்றுலா வரி, அப்புறம் பெரும்பாலும் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ். சீட்டில் கண்ட தொகையை நம்பிப் போகிற குடும்பம் கிளம்பும் நாளில் கவுண்டர் முன்னால் திகைத்து நிற்க வேண்டியதுதான். எந்த அலுவலகத்தில் கேட்டாலும் "வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையிலேயே இன்னொரு சின்ன அலுவலகம். ஒரே மேசை, ஒரே பெண். நாங்கள் கேட்டதையெல்லாம் பொறுமையாகக் குறித்துக்கொண்டு, "அக்கா, ரேட் கம்மியா இருக்குன்னா அது மழைக்காலம்னு அர்த்தம். மீன்பிடிக்கிறதுக்குன்னா நீங்க கடல்காரங்க யார்கிட்டயாவது கேட்டுட்டு வாங்க, அப்புறம் டிக்கெட் போடுவோம்" என்றார். அன்றைக்கு அவருக்கு எங்களால் ஒரு ரூபாய் வருமானம் இல்லை. ஆனாலும் அப்படிச் சொன்னார். கடைசியில் டிக்கெட் வேலையை அவரிடமே கொடுத்தோம்.

கடல்காரர்களுக்கு நம் பக்கத்தில் பஞ்சமா என்ன? தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணிகள் காலங்காலமாகப் போய்வருகின்றன. வெங்காயம், காய்கறி, சிமெண்ட், ஜல்லி என்று அந்தத் தீவுகளில் விளையாததும் கிடைக்காததும் இங்கிருந்து ஏறும். 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி வழியாக மாலத்தீவுக்கு நேரடிச் சரக்குக் கப்பலும் விட்டார்கள். அப்பாவோடு வேலை பார்த்தவரின் சம்பந்தி வீட்டு உறவில் ஒரு பெரியவர், தோணியில் தண்டலாக இருந்தவர். அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம்.

"ஆடியில எவன் தாயி அங்க போவான்? கச்சான் காத்து அடிக்கும்போது தோணியையே கரையில கட்டிப் போட்டிருப்போம்" என்றார். "பங்குனியில போங்க. கடல் தாம்பாளம் மாதிரி கெடக்கும். சித்திரை பாதிக்கு மேல தள்ளாதிய, அதுக்கப்புறம் காத்து மாறிரும்."

அவர் சொன்னது மாலத்தீவின் பருவக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. அங்கே தென்மேற்குப் பருவம் ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று, வறண்ட வானம், அமைதியான கடல். பருவ மாதங்களில் அங்கே தினமும் மழை பெய்யும் என்று அர்த்தமில்லை, நடுவில் நல்ல நாளும் வரும். ஆனால் ஒரு வாரத்துக்கு என்று போகிறவர், அதுவும் கடல் பழக்கமில்லாத பெரியவரைக் கூட்டிக்கொண்டு போகிறவர், அந்த நல்ல நாளுக்காகக் காத்துக்கிடக்க முடியாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் கரையில் இருந்து சொல்கிறோம். அது படகில் இருப்பவனை என்ன செய்யும் என்று பெரியவர் கையை ஆட்டி ஆட்டிக் காட்டியபோது என் மகன் சாப்பிட எடுத்த முறுக்கைக் கையிலேயே வைத்திருந்தான்.

மீன் பற்றியும் அவரிடம் நிறையக் கேட்டோம். மாலத்தீவில் சூரை மீனுக்கு வலை கிடையாது. தூண்டில்தான், அதுவும் பெரும்பாலும் நீளக் கழியில். உயிருள்ள சிறு மீனை அள்ளிக் கடலில் வீசி, கூடவே தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். சூரைக் கூட்டம் பொங்கி மேலே வரும். கொளுவி, அதாவது மீனைக் கழலவிடாமல் பிடிக்கும் எதிர்முனை, இல்லாத தூண்டில் முள்ளில் இழுத்து, தலைக்கு மேலாகத் தூக்கித் தளத்தில் எறிந்தால் மீன் தானாகக் கழன்று விழும், உடனே அடுத்த வீச்சு. அந்த மீனை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்தால் அதுதான் நம் ஊர்க் கடைகளில் விற்கும் மாசி. விருந்தாளிகளுக்கு அந்தத் தொழில் முறை சரிப்படாது. சாயந்திரம் படகில் போய்த் திட்டுக்கு மேல் நங்கூரம் போட்டு, கைத்தூண்டிலை இறக்கி விளமீனும் களவாவும் பிடிக்கலாம். அப்பாவுக்கு அதுதான் ஏற்றது. மகனுக்குப் படகு ஓட ஓடப் பின்னால் இழுத்துப் போகிற தூண்டில். பாறை மீன், நெய்மீன் மாட்டும்.

நேரமிருந்ததால் மற்ற இடங்களையும் விசாரித்தோம். லட்சத்தீவுக்கு ஆசை உண்டு. மினிக்காயில் இதே கழித்தூண்டில் முறைதான், மொழியும் மாலத்தீவு மொழிக்கு நெருக்கம். ஆனால் உள்நாட்டுக்காரர்களுக்கே நுழைவு அனுமதி வேண்டும். கொச்சியிலிருந்து கப்பலில் போவதென்றால் ஓர் இரவு கடலிலேயே கழியும், அது அப்பாவால் ஆகாது. அகத்திக்கு விமானம் இருக்கிறது, அங்கிருந்து மினிக்காய் வெகு தூரம். இளைஞர்கள் யோசிக்கலாம்.

நம் மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி தொடங்கிப் பாம்பன் வரைக்கும் 21 தீவுகள் இருக்கின்றனவே, இங்கேயே போனால் என்ன என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். கடற்கரையில் ஒருவர், "தீவுல இறக்கி விடுதேன், ஆளுக்கு இவ்வளவு" என்று எங்களிடமே பேசினார். வேண்டாம் என்று வந்துவிட்டோம். 1986 முதல் அது தேசியக் கடல் பூங்கா. பவளப்பாறையும், கடல் பசுவும், அது மேயும் கடல் புல்லும் இருக்கிற இடம். அந்தத் தீவுகளில் இஷ்டத்துக்கு இறங்கவும் மீன் பிடிக்கவும் கூடாது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பாறை செத்தால் கரைவலைக்கும் வள்ளத்துக்கும் மீன் எங்கிருந்து வரும்? காசு கொடுத்து அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. தூத்துக்குடியில் குடும்பத்தோடு போக முயல்தீவு இருக்கிறது, காணும் பொங்கலுக்கு ஊரே அங்கேதான். ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: நம் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்தச் சமயத்தில் வருகிறவர்கள் நாட்டுப்படகு மீனையே நம்ப வேண்டும், விலையும் ஏறியிருக்கும்.

இனி காகித வேலை. அப்பா இதுவரை பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். முன்பெல்லாம் இதற்கு மதுரைக்குப் போக வேண்டும். கட்டணம் 1,500 ரூபாய், 60 வயது தாண்டியவர்கள் புதிதாக எடுத்தால் அதில் 10 சதவீதம் தள்ளுபடி. காவலாளி முதல் உள்ளே கைரேகை எடுத்த பெண் வரை அப்பாவை "ஐயா" என்றுதான் கூப்பிட்டார்கள். ரேகை தேய்ந்த விரல் இயந்திரத்தில் பதியாதபோது ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி, நிதானமாக மறுபடி எடுத்தார் அந்தப் பெண். போலீஸ் விசாரணையும் வீட்டுக்கு வந்து சுருக்கமாக முடிந்தது. மாலத்தீவுக்குச் சுற்றுலா விசா போய் இறங்கியதும் கிடைக்கும், கட்டணம் இல்லை. பயணத்துக்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் 'இமுகா' என்ற பயணிப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம். அதை நிரப்பித் தருவதற்குப் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன, கொடுக்காதீர்கள்.

எனக்கு மிகவும் மனம் நிறைந்தது தூத்துக்குடியில் ஒரு தூண்டில் சாமான் கடையில். மஸ்கட்டில் வாங்கிய மகனின் ரீல் உப்பேறி இறுகிக் கிடந்தது. கடை அண்ணாச்சி அதைப் பிரித்து, மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பல்சக்கரம் ஒவ்வொன்றாகத் துடைத்து, எண்ணெய் விட்டுக் கோர்த்தார். பிறகு தங்கூசி என்கிற நைலான் நரம்பில் தூண்டில் முள் கட்டச் சொல்லிக் கொடுத்தார். அஞ்சு சுற்று சுற்றி, நுனியை வளையத்துக்குள் விட்டு, இறுக்குவதற்கு முன் முடிச்சை நாக்கில் வைத்து நனைத்தார். "காய்ஞ்ச நரம்பை இழுத்தா சூடாகிச் சுருண்டுரும்ல, அந்த இடத்துலதான் அறும்" என்று மகனிடம் விளக்கினார். நெய்மீன் பல் நைலானைக் கத்தரித்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேல் ஒரு சாண் கம்பி வைக்கவும் சொன்னார். நான் எடுத்து வைத்திருந்த விலை உயர்ந்த சாமான்களில் பாதியை, "இது அங்க வேண்டாம், படகுலயே கைத்தூண்டில் குடுப்பாவ" என்று அலமாரிக்கே திருப்பி வைத்துவிட்டார். ரீல் துடைத்த கூலியாக மிகச் சிறிய தொகை வாங்கினார், கூடக் கொடுத்ததை வாங்கவே இல்லை.

அடுத்த நாள் மணப்பாட்டுக்குப் போனோம், அந்த முடிச்சைக் கட்டிப் பார்க்க. சிலுவைக் கோவில் குன்றுக்குக் கீழே, ஆறு கடலில் சேருகிற பக்கம் காற்று சற்றுக் குறைவு. மகன் வீசினான், மாட்டியது ஒரு கெளுத்தி. அவன் கையை நீட்டுவதற்குள் பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர், "தொடாதல!" என்று சத்தம் போட்டு ஓடிவந்து, செருப்புக் காலால் அதை மணலில் அமுக்கி, முதுகு முள்ளையும் பக்க முள்ளையும் இடுக்கியால் நறுக்கிய பிறகுதான் தூண்டிலைக் கழற்றினார். அந்த முள் குத்தினால் கடுப்பு ராத்திரி முழுக்க நிற்காது. அப்பாவுக்கு ஆற்றுக் கெளுத்தி முள்ளும் தெரியும், அதனால் அவர்கள் இருவரும் வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாலத்தீவின் விதிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. விருந்தாளிகள் சுறா பிடிக்கக் கூடாது, 2010-லேயே தடை வந்துவிட்டது. ஆமையைத் தொடக் கூடாது. ஈட்டித் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது. மதுவும் பன்றி இறைச்சியும் பெட்டியில் இருக்கக் கூடாது. மக்கள் குடியிருக்கும் தீவுகளில் உடை விஷயத்தில் நம் ஊர்க் கட்டுப்பாடுதான், அப்பாவுக்கு அதுவே நிம்மதி. ரிசார்ட்டை விட்டுவிட்டு அப்படி ஒரு தீவில் சின்ன விருந்தினர் இல்லமாக எடுக்கிறோம். நாம் பிடித்த மீனை அங்கேயே சுட்டுத் தருவார்களா என்று பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தூண்டில் முள், ஈயக்குண்டு, கத்தி எல்லாம் சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

முடிவாகியிருப்பது இதுதான். பங்குனியில் ஆண்டுத் தேர்வு முடிந்து புது வகுப்பு தொடங்குவதற்கு முன் மகனுக்குக் கிடைக்கும் விடுமுறையில் போகிறோம். நாங்கள் மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்துவிடுவோம். என் தம்பி அப்பாவை நாகர்கோவில் வழியாகக் காரில் கூட்டிவருவான், மூன்று மூன்றரை மணி நேரம். அங்கிருந்து மாலேக்கு விமானம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை, பல பொதுப் படகுகள் ஓடாது. விரைவுப் படகுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பாளையங்கோட்டைப் பெண் அதைக் கவனித்து, வெள்ளி தவிர்த்து மற்றக் கிழமைகளில் டிக்கெட் பார்த்துவிட்டு இன்றைக்கு விலை அனுப்பியிருக்கிறார். இந்த முறை வரி உட்பட.