கன்னியாகுமரியில் ஜெரேனியம் தைலம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கன்னியாகுமரி கடற்கரைக்குப் போகிற வழியில் உள்ள ஒரு மூலிகைத் தைலக் கடையில் எங்க மைனி ஜெரேனியம் தைலம் வாங்கினார். 100 மில்லி, 350 ரூபாய். தக்கலையில் வீட்டிலேயே சோப்பு செய்து விற்கிறவர்; ரோஜா வாசனைக்காக வாங்கினார். "ஊட்டிப் பூவில இருந்து எடுத்தது அக்கா, ஒரிஜினல் சாதனம். சுகர் இருந்தா காலையில ரெண்டு சொட்டு தண்ணியில விட்டுக் குடியுங்க" என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

தயவுசெய்து யாரும் குடித்துவிடாதீர்கள். இது வாசனைக்கும் மேல்பூச்சுக்குமான தைலம். தோலில் தடவுவதென்றால்கூட தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் கலப்பார்கள். சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கும் ஆளும் இருப்பார் என்பதுதான் என் பயம்.

பூவிலிருந்து எடுத்தது என்பதும் பொய். ஜெரேனியம் எண்ணெய் இலையிலும் இளந்தண்டிலும் இருந்து நீராவியில் வடிப்பது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த செடி. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் நம்மவர்களும் பயிரிடுகிறார்கள். அதன் பூ வெளிர் ரோஸ் நிறத்தில் சின்னதாக இருக்கும். மைனி வாங்கிய பாட்டில் லேபிளிலோ, வீட்டு வாசலில் தொட்டியில் வைக்கிற சிவப்புக் கொத்துப்பூ! தாவரப் பெயர், பேட்ச் எண், தயாரித்தவர் முகவரி எதுவும் இல்லை.

விலையே காட்டிக் கொடுக்கிறது. ஆயிரம் கிலோ தழையை வடித்தால் ஒன்று முதல் இரண்டு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். மொத்த வியாபாரத்திலேயே கிலோ பத்தாயிரத்துக்கு மேல் போகிற பொருள் இது. அதனால்தான் விலை குறைந்த பால்மரோசா புல் எண்ணெயை இதில் கலப்பது காலங்காலமாக நடக்கிறது. இந்தக் கடையில் அந்த மரியாதைகூட இல்லை.

வெள்ளைத்தாளில் இதில் ஒரு சொட்டு, பக்கத்தில் வீட்டிலிருந்த புல்தைலம் (எலுமிச்சைப்புல்லில் எடுப்பது) ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். அசல் வாசனைத் தைலம் ஆவியாகிவிடும்; மறுநாள் புல்தைலம் இருந்த இடமே தெரியவில்லை. இதுவோ பருப்புவடை மடித்த தாள் மாதிரி எண்ணெய்க் கறையாகப் பரவிக் கிடந்தது, வாசனை துளியும் இல்லை. ஏதோ சமையல் எண்ணெயில் சென்ட் கலந்திருக்கிறார்கள். இதை ஊற்றிச் செய்த சோப்பு மொத்தமும் வீண்.

பாட்டிலைத் திருப்பிக் கொண்டுபோனபோது "திறந்த சாதனம் எடுக்க மாட்டோம்" என்றார்கள். பில் கேட்டதற்கு, டூரிஸ்டுக்கெல்லாம் பில் போடுவதில்லையாம். மைனியோ இதே மாவட்டத்துத் தக்கலைக்காரர்!

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லியிருக்கிறோம். அந்தப் பக்கம் சிவப்புப் பூப் படம் போட்ட பாட்டில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கறை நின்றால் பாட்டிலை எறியாமல் வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.