எக்ஸ்பல்ஸ் 200 4வி: மதுரை கண்மாய்க்குள்ள எட்டு மாசம்

மண்ணு, மேடு பள்ளத்துல ஓட்டுற டர்ட் பைக் ஓட்டணும்னு ஆசைப்பட்டு எந்த வண்டில ஆரம்பிக்கிறதுன்னு முழிக்கிற நம்ம ஊர் பசங்களுக்காக எழுதுறேன். நான் செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி. ரேஸுக்குன்னே வர்ற அசல் டர்ட் பைக்குக்கு நம்பர் பிளேட் கிடைக்காது, வீட்ல இருந்து கண்மாய்க்கு கொண்டு போகவே ஒரு குட்டி யானை பிடிக்கணும், நமக்கு அது சரிப்படாது. எக்ஸ்பல்ஸ்ல ரோட்டுலயே போயி அப்படியே மண்ணுல இறங்கிடலாம்.

முன்னாடி 21 இஞ்ச் வீல், பின்னாடி 18, கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மிமீ. இந்த 21 இஞ்சோட அருமை காஞ்ச கண்மாய்ல மண்ணு வெடிச்சு கிடக்கும்ல, அதுல ஓட்டும்போதுதான் தெரியும், சின்ன வீல் அந்த வெடிப்புக்குள்ள மாட்டும், இது ஏறி தாண்டிரும். சீட் உயரம் 825 மிமீ, நான் அஞ்சரை அடி, ரெண்டு காலும் நுனிதான் ஊணுது, முதல் வாரம் பயமா இருந்துச்சு அப்புறம் பழகிருச்சு. இதே வண்டியோட புரோ மாடல்ல சீட் உயரம் 891 மிமீ, புதுசா கத்துக்கிறவங்க தயவுசெஞ்சு அதுக்கு போகாதீங்க.

வண்டி 160 கிலோகிட்ட வரும். மொத நாள்லயே நாலு தடவை போட்டேன், நாலு தடவையும் ஒத்த ஆளா தூக்கிட்டேன், ஆரம்பத்துல இதவிட முக்கியமான விஷயம் எதுவுமே இல்ல. ஒரு சின்ன வேலை பண்ணிக்கங்க, ஹேண்டில் பார்ல கிளட்ச் லீவர், பிரேக் லீவர் கிளாம்ப் போல்ட்ட கொஞ்சமா லூசு பண்ணி, கையால நல்லா அழுத்துனா மட்டும் சுத்துற மாதிரி வச்சுக்கங்க. விழும்போது லீவர் திரும்பிக்கும், ஒடியாது.

பின் வீலுக்கு ஏபிஎஸ் (பிரேக் அழுத்துனா வீல் லாக் ஆகி வழுக்காம பாத்துக்கிற சிஸ்டம்) கிடையாது, அதனால பின் பிரேக்க புடிச்சு வண்டிய வழுக்க விட்டு பழக நல்லா இருக்கு. எந்திரிச்சு நின்னு, முட்டியால டேங்க்க கவ்வி, கண்ண முன் வீல்ல வைக்காம தூரத்துல வச்சு ஓட்டுங்க. மணல்ல முன் வீல் ஆடும், அப்ப ஆக்சிலேட்டர மூடுனா விழுந்துருவீங்க, உடம்பு வெயிட்ட பின்னாடி தள்ளி, ஆக்சிலேட்டர கொடுத்துகிட்டே போகணும்.

நம்ம ஊர்ல இருக்க பெரிய பிரச்சனை சீமைக் கருவேல முள்ளு. ஸ்போக் வீல், டியூப் டயர், திருமங்கலம் பக்கம் போன ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு பஞ்சர். கடைக்கார அண்ணே டயருக்குள்ள கைய விட்டு தடவி, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு முள்ள உருவி என் உள்ளங்கையில வச்சுட்டு "தம்பி, இனிமே முன்னாடிக்கு ஒரு டியூப் பின்னாடிக்கு ஒரு டியூப் பையிலயே வச்சுக்கங்க, கழட்டி மாட்டவும் கத்துக்கங்க"ன்னாரு. கத்துக்கிட்டேன், இப்ப அரை மணி நேரத்துல மாத்திருவேன். அந்தப் பக்கம் கரிசல் மண்ணு வேற, மழை பேஞ்ச மறுநாள் போயிராதீங்க, களி மட்கார்டுக்குள்ள அப்பி வீலே சுத்தாது, செம்மண் காடு எவ்வளவோ பரவால்ல.

காசு கம்மியா இருந்தா வண்டிக்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் எல்லாம் தள்ளிப் போடுங்க, பூட்ஸும் முட்டி கார்டும் முதல்ல வாங்குங்க. வண்டி சாயும்போது கால்தான் அடியில மாட்டும், ஹெல்மெட் எல்லாரும் போடுறாங்க, காலுக்கு யாரும் யோசிக்கிறதில்ல.

அப்புறம் இடம். சமணர் மலை, அரிட்டாபட்டி, அழகர் மலை பக்கம் வண்டிய ஏத்தாதீங்க, ஆயிரம் ரெண்டாயிரம் வருஷத்து சின்னம், காடு, அங்க நம்ம டயர் தடமே இருக்கக்கூடாது. கண்மாய்லயும் கரை மேல ஏறவே ஏறாதீங்க, கரை அரிச்சா அந்த ஊருக்கே தண்ணி நிக்காது, உள்வாய்ல, அதாவது தண்ணி வத்துன உள்பக்கத்துல மட்டும் ஓட்டுங்க, ஆடு மேய்க்கிறவங்கள பாத்தா நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. நான் போற கண்மாய்ல ஒரு அப்பத்தா ஆடுகள ஒதுக்கிட்டு கைய காட்டும், அதுக்கப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணுவேன். காலையில ஆறு மணிக்கு இறங்குனா எட்டரைக்குள்ள முடிச்சிருங்க, அதுக்கு மேல நம்ம ஊர் வெயில்ல கார்டு போட்டு ஓட்ட முடியாது. ஐப்பசி மழைக்கு கண்மாய் நிறைஞ்சா தண்ணி வத்துற வரைக்கும் வண்டி வீட்லதான்.