ஹார்ட் டிஸ்க்கை எதில் ஃபார்மேட் செய்வது?

டிஸ்க்கில் ஃபைல்களை எப்படி அடுக்குவது என்ற ஏற்பாட்டுக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர்; ஃபார்மேட் செய்யும்போது அதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். புது ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்கள் முதலில் கேட்பது "எது வேகம்?" என்றுதான். தட்டு சுழன்று, ஹெட் நகர்ந்து படிக்கிற டிஸ்க்கில், வீட்டு வேலைக்கு அந்த வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. நான் கேட்பது வேறு இரண்டு. இந்த டிஸ்க்கை எந்தெந்த மெஷினில் செருகப் போகிறீர்கள்? எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்?

ஃபேட்32-ஐ வந்த வேகத்தில் அனுப்பிவிடலாம். ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது; டிஸ்க்கில் 300 ஜிபி காலியாகக் கிடந்தாலும் பெரிய வீடியோவை உள்ளே விடாது.

அந்த வரம்பை உடைக்க 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்ததுதான் எக்ஸ்ஃபேட். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் படிக்கும், எழுதும். முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இரண்டாவது கேள்வியில்தான் கவிழ்ந்துவிடுகிறது, ஏனென்றால் இதில் ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் லாக், இல்லை. ஒருமுறை ஃபோட்டோக்கள் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே கேபிளைத் தட்டிவிட்டேன். மறுபடி செருகி, டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டினால், ஃபோல்டர் இருந்த இடத்தில் பெயரே இல்லாமல் வரிசை எண் போட்ட சிஹெச்கே ஃபைல்கள். எது எந்தப் படம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

என்டிஎஃப்எஸ் இதைவிட மூத்தது. 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் லாகில் குறித்துக்கொண்டு, பிறகுதான் செய்யும். நடுவில் கரண்ட் போனால் அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். அப்போது எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கலாம். ஃபோல்டர் அமைப்பு தப்பிக்கும். மேக் இதைப் படிக்கும், தானாக எழுதாது. லினக்ஸில் 2021-இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் வசதியோடு புது டிரைவர் உள்ளேயே இருக்கிறது. டூயல் பூட் (ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும்) வைத்திருந்தால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் போகும். லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனில் எழுத மறுக்கும்.

லினக்ஸ் மட்டும்தான் என்றால் இஎக்ஸ்டி4. 2008-இல் நிலையானது என்று அறிவிக்கப்பட்டது. டெபியன், உபுன்டு, மின்ட் என்ற லினக்ஸ் வகைகள் எல்லாவற்றிலும் இதுதான் டிஃபால்ட். இதில் சுவாரசியமாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே பெரிய பாராட்டு. ஒரே ஒரு விஷயம்: ரூட் யூசருக்கென்று (சிஸ்டம் நிர்வாகி) 5 சதவீதத்தை ஒதுக்கிவைக்கும். 2 டிபி டிஸ்க்கில் அது 100 ஜிபி! வெறும் டேட்டா வைக்கும் டிஸ்க் என்றால் டியூன்2எஃப்எஸ் கமாண்டில் அதை 0 ஆக்கிக்கொள்ளலாம். லினக்ஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டமான எக்ஸ்எஃப்எஸ்ஸும் திடமானதுதான், ஆனால் பார்ட்டிஷனைச் சுருக்குவது நடைமுறையில் முடியாது என்பதால் வீட்டுக்கு நான் சொல்வதில்லை.

என்னை யோசிக்க வைப்பது லினக்ஸின் மற்றொரு ஃபைல் சிஸ்டமான பிடிஆர்எஃப்எஸ், வாய்வழக்கில் 'பட்டர் எஃப்எஸ்'. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2020-இல் டெஸ்க்டாப்புக்கு இதையே டிஃபால்ட் ஆக்கியது. எழுதும் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம், அதாவது உள்ளே இருப்பது மாறியதா என்று சரிபார்க்கும் எண், வைத்துக்கொள்ளும். டிஸ்க்கில் கிடக்கும் பழைய ஃபோட்டோவில் ஒரு பிட் சத்தமில்லாமல் மாறிவிட்டால், இஎக்ஸ்டி4 கெட்ட படத்தையே நீட்டும். அதை நாம் பேக்கப்பிலும் ஏற்றிவிடுவோம். பிடிஆர்எஃப்எஸ் எர்ரர் காட்டி நிறுத்திவிடும். ஒற்றை டிஸ்க்கில் பிழையைக் கண்டுபிடிக்கத்தான் முடியும். சரிசெய்ய இன்னொரு பிரதி வேண்டும். ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் டிஸ்க் இருந்த நிலையைக் காத்துவைக்கும் வசதி) இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அதுவும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது.

இதற்கும் ஒரு விலை உண்டு. மாற்றங்களைப் பழைய இடத்தில் எழுதாமல் புது இடத்தில் எழுதுவதால், விர்ச்சுவல் மெஷின் இமேஜ் (மெஷினுக்குள் ஓடும் இன்னொரு மெஷினின் டிஸ்க் ஃபைல்) போல அடிக்கடி மாறும் பெரிய ஃபைல்கள் துண்டு துண்டாகச் சிதறும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் இது அவ்வளவாகத் தெரியாது. சுழலும் டிஸ்க்கில் ஹெட் அங்குமிங்கும் ஓடுகிற சத்தமே காதில் விழும்.

என்னிடம் இப்போது சிஸ்டம் பார்ட்டிஷன் இஎக்ஸ்டி4, ஃபோட்டோ டிஸ்க் பிடிஆர்எஃப்எஸ், கையில் தூக்கிக்கொண்டு போகும் டிஸ்க் மட்டும் எக்ஸ்ஃபேட். அந்தக் கடைசி டிஸ்க்கில் வேறெங்கும் பிரதி இல்லாத எதையும் வைப்பதில்லை.