கோவைல கேம்பிரிட்ஜ் பி1 ப்ரிலிமினரி இங்கிலீஷ் எக்ஸாம் கோச்சிங் சேத்துவிடலாமா? ரீடிங்குக்கு சரி, லிஸனிங்குக்கு வேணாம்

சென்டர் பேரு போடப் போறதில்லைங்க. மாடில இருக்கற ஒரு இங்கிலீஷ் கோச்சிங் சென்டர்னு மட்டும் வெச்சுக்கங்க, ஏன்னா நான் சொல்ற குறை அங்க மட்டும் இல்ல, சேக்கறதுக்கு முன்னாடி விசாரிச்ச மத்த எடத்துலயும் கிட்டத்தட்ட இதே கததான். அபார்ட்மென்ட்ல ஒன்பதாவது பத்தாவது படிக்கற புள்ளைங்களோட அம்மாக்கள் லிஃப்ட்ல பாத்தாலே "எப்படி இருக்குங்க, சேத்துவிடலாமா"ன்னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு இங்கயே எழுதிடறேன்.

பொண்ணு ஒன்பதாவது, சிபிஎஸ்இ. ஸ்கூல் மூலமாவே கேம்பிரிட்ஜ் எக்ஸாம் எழுதலாம்னு சர்க்குலர் வந்துச்சு, பி1 ப்ரிலிமினரி ஃபார் ஸ்கூல்ஸ், பழைய ஆளுங்க பெட்னு சொல்லுவாங்களே அதான். ஏ1, ஏ2, பி1, பி2ன்னு ஏறிட்டே போற இங்கிலீஷ் லெவல்ல பி1 மூணாவது படி. ரீடிங், ரைட்டிங், லிஸனிங், ஸ்பீக்கிங் நாலுக்கும் சமமா 25 சதவீதம். ரீடிங் 45 நிமிஷம், ஆறு பார்ட், 32 கேள்வி. லிஸனிங் சுமார் அரை மணி நேரம், நாலு பார்ட், 25 கேள்வி, எல்லா ஆடியோவும் ரெண்டு தடவ ஓடும். இதுக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னு என் வீட்டுக்காரரும்தான் கேட்டாரு. பத்தாவது போர்டு எக்ஸாம்ல இங்கிலீஷ் 80 மார்க்ல பாக்காத பாசேஜுக்கு மட்டும் 20 மார்க், அப்புறம் பதினொண்ணு பன்னெண்டு போனா இன்டர்னல்ல லிஸனிங்குக்குன்னே தனியா 5 மார்க் இருக்கு, அதனால சர்டிபிகேட் வந்தா லாபம், வரலைனாலும் படிச்சது வீணாப் போகாதுன்னு சேத்துவிட்டேன்.

ரீடிங் கிளாஸ் பத்தி மொதல்ல சொல்றேன், ஏன்னா அந்த மிஸ்ஸ பாராட்டியே ஆகணும். சின்ன வயசுப் பொண்ணுதான், சத்தம் போடாம சொல்லிக் குடுப்பாங்க. பார்ட் 4ன்னு ஒண்ணு வரும், ஒரு கட்டுரைல இருந்து அஞ்சு வாக்கியத்த உருவி எடுத்துட்டு எட்டு வாக்கியம் குடுத்து எது எங்க வரும்னு கேப்பாங்க, மூணு சும்மா ஏமாத்தறதுக்கு. எங்க வீட்டு மேடம் மாதிரி புள்ளைங்க இதுல பொருள மட்டும் பாத்து குத்துமதிப்பா போடுவாங்க. இந்த மிஸ் என்ன பண்ணாங்கன்னா எட்டு வாக்கியத்தையும் கத்தரிக்கோலால தனித்தனி துண்டா வெட்டி டேபிள்ல போட்டுட்டு, பேப்பர்ல இருக்கற ஓட்டைல ஒவ்வொண்ணா சொருகிப் பாரு, சொருகறதுக்கு முன்னாடி முன்வரியும் பின்வரியும் வாய்விட்டு படின்னு சொல்லிட்டாங்க. 'தே'ன்னு ஆரம்பிச்சா முன்னாடி வரில பன்மைல யாரோ எதுவோ இருந்தே ஆகணும், 'ஹவெவர்'னு வந்தா முன்னாடி சொன்னதுக்கு மாத்தி ஏதோ வரணும். இத போர்டுல எழுதிப் போட்டா எந்தப் புள்ளைக்கு ஏறப் போகுது, துண்டு பேப்பர் கைல இருந்ததால ஏறிச்சு. இப்ப ஸ்கூல் பாசேஜ் படிக்கும்போதுகூட பென்சிலால அம்புக்குறி போட்டுட்டு இருக்கா.

பார்ட் 2வும் நல்லா எடுத்தாங்க. அஞ்சு பேர பத்தி நாலு வரி இருக்கும், எட்டு விளம்பரம் மாதிரி இருக்கும், யாருக்கு எது செட் ஆகும்னு கண்டுபிடிக்கணும். ஒரு பையனுக்கு வெளில விளையாடற கேம்ப் வேணும், ராத்திரி தங்கக் கூடாது, தம்பியும் கூட வரணும்னு வைங்க. ரெண்டு கண்டிஷன் ஒத்துப்போற கேம்ப் மூணு இருக்கும், எல்லாமே ஒத்துப்போறது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், பத்துப் பொருத்தம் பாக்கற மாதிரி ஒவ்வொண்ணா டிக் அடிச்சிட்டே வரணும். புள்ளைங்க மொத கண்டிஷன் ஒத்துப்போச்சுன்னா உடனே கல்யாணத்த முடிச்சிடறாங்க, அங்கதான் மார்க் போகுது. டைம் கண்ட்ரோலும் சொல்லிக் குடுத்தாங்க, கடைசி பார்ட்ல ஆறு கோடிட்ட இடம் வருது, ஒவ்வொண்ணுலயும் ஒத்த வார்த்த, 'ஆஃப்', 'தேன்', 'ஹேஸ்' மாதிரி சின்ன சின்ன வார்த்தைங்க, ஆப்ஷனே கிடையாது, அதுக்கு நேரம் மிச்சம் வைக்காம போனா தெரிஞ்ச மார்க்கும் போயிடும்னு ஸ்டாப் வாட்ச் வெச்சே பழக்கினாங்க. இதுக்கு குடுத்த காசு எனக்கு வலிக்கல.

லிஸனிங்குக்கு வருவோம். அதே சென்டர், வேற சார், வேற ரூம். ரூம்னா நீளமான ஹால், கீழ ரோட்ல பஸ் ஹாரன், மேல மூணு ஃபேன், முன்னாடி டேபிள்ல ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். முன் வரிசைல உக்காந்தவங்களுக்கு கேக்கும், பின் வரிசைக்கு எதிரொலிதான் வரும். டெமோ கிளாஸ் அன்னிக்கு நான் பின்னாடி உக்காந்து பாத்தேன். ஆடியோ ஓடுச்சு, திருப்பி ஓடுச்சு, சார் "ஒண்ணு பி, ரெண்டு ஏ, மூணு சி"ன்னு ஆன்சர் படிச்சாரு, "எத்தன பேர் அஞ்சுக்கு மேல"ன்னு கைய தூக்கச் சொன்னாரு, அடுத்த டெஸ்ட் போட்டாரு. அவ்ளோதான் கிளாஸ். ஏன் தப்பாச்சுன்னு ஒரு வார்த்த இல்ல. டெஸ்ட் வெக்கறது சொல்லிக் குடுக்கறதுக்கு சமம்னு யாரு இவங்களுக்கு சொன்னாங்களோ தெரியல.

இந்த எக்ஸாம்ல ஏன் தப்பாகுதுங்கறதுலதான் எல்லாமே இருக்குங்க. பார்ட் 1ல ஏழு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் மூணு படம். பிக்னிக்குக்கு பொண்ணு என்ன கொண்டு வரப் போறான்னு கேள்வின்னு வைங்க, படத்துல சான்ட்விச், ஜூஸ், பழம். ஆடியோல மூணுமே வரும், வராம இருக்காது! சான்ட்விச் செய்யலாம்னு இருந்தேன் ஆனா ஃப்ரெண்டோட அம்மா செய்யறாங்களாம்னு சொல்லுவா, ஜூஸ் வாங்கட்டுமான்னு கூட பேசற பையன் கேப்பான், அங்கயே கடை இருக்கே எதுக்கு தூக்கிட்டுப் போகணும்பா, அப்ப பழம் போதும்னு முடியும். மொதல்ல காதுல விழுந்தத டிக் அடிக்கற புள்ள சான்ட்விச் போட்டிருக்கும். பொண்ணோட தப்பெல்லாம் உக்காந்து பாத்தா முக்கால்வாசி இதே ரகம்தான், இங்கிலீஷ் புரியாம இல்ல, "ஆனா"க்கு அப்புறம் வர்றத கேக்கறதுக்குள்ள பேனா ஓடிருது. இத ஒரு தடவ ஆடியோவ நிறுத்தி காட்டினா போதும், அந்த சார் நிறுத்தவே இல்ல.

அடுத்தது பார்ட் 3, ஒருத்தர் மட்டும் பேசுவாரு, நோட்ஸ்ல ஆறு எடம் காலியா இருக்கும், கேட்டு எழுதணும். தேதி, வெல, ஃபோன் நம்பர், பேரோட ஸ்பெல்லிங் இதெல்லாம் வரும். ஸ்பெல்லிங் சொல்லும்போதுதான் நம்ம ஊர் புள்ளைங்க மாட்டறாங்க. நாம 'ஹெச்'ங்கறத அவங்க 'எய்ச்'ங்கறாங்க, 'ஆர்'ங்கறத 'ஆ'ன்னு இழுக்கறாங்க, பொண்ணு அத 'ஏ'ன்னு எழுதி வெச்சிருந்தா. 'டபுள் எல்'னு வந்தா இவ டபிள்யூன்னு நெனச்சு பேனாவ வெச்சுட்டு முழிக்கறா. மணி சொன்னாலும் அதே, நாம நைன் தர்ட்டின்னு சொல்லிப் பழகினவங்க, அவங்க 'ஹாஃப் பாஸ்ட் நைன்', 'குவார்ட்டர் டு டென்'ம்பாங்க, பத்தே கால்னு எழுதிட்டு வருதுங்க. தர்ட்டீனும் தர்ட்டியும் கேக்கவே வேணாம். ஒரு கிளாஸ் முழுக்க இதுக்கு மட்டும் ஒதுக்கினாக்கூட கொறஞ்சது ரெண்டு மார்க் நிக்கும், ஆனா சென்டர் டைம்டேபிள்ல "மாக் டெஸ்ட்" தவிர வேற ஒண்ணும் இல்ல.

ஆடியோவ வாட்ஸ்அப்ல அனுப்புங்களேன், வீட்ல திருப்பிப் போட்டு கேக்கட்டும்னு ரிசப்ஷன்ல கேட்டேன். "அது சென்டரோட ப்ராபர்ட்டிங்க மேடம், வெளிய குடுக்கறதில்ல"ன்னாங்க. சிரிப்புதான் வந்துச்சு. கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் வெப்சைட்ல சாம்பிள் டெஸ்ட் பேப்பர், ஆன்சர், ஆடியோ, அதுல பேசறதோட எழுத்து வடிவம் எல்லாமே ஃப்ரீயா டவுன்லோட் பண்ணிக்கலாம், டெமோ கிளாஸ்ல ஓட்டினது அதுல ஒண்ணேதான். சரி ரீடிங் மட்டும் எடுத்துக்கறோம் லிஸனிங் வேணாம், பாதி ஃபீஸ் வாங்கிக்கங்கன்னு கேட்டதுக்கு "பேக்கேஜுங்க மேடம், பிரிக்க முடியாது"ன்னு பதில். அதனால லிஸனிங் கிளாஸுக்கும் சேத்து கட்டிட்டு அந்த நேரத்துல பொண்ண வீட்ல உக்கார வெச்சேன், மத்தவங்க கேட்டாங்கன்னா பிரிச்சுத் தருவாங்களோ என்னவோ, அழுத்திக் கேளுங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், மெட்டீரியல். ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் புக் ஒண்ணு குடுத்தாங்க, பாதி பழைய பேட்டர்ன்! இந்த எக்ஸாம் 2020ல மாறிடுச்சு, அதுக்கு முன்னாடி ரீடிங்கும் ரைட்டிங்கும் ஒரே பேப்பரா இருந்துச்சு, பத்து வாக்கியம் குடுத்து சரியா தப்பான்னு கேக்கற பார்ட் இருந்துச்சு, லிஸனிங் கடைசிலயும் எஸ் நோ போடற பார்ட் இருந்துச்சு. இப்ப அது எதுவும் கெடையாது, லிஸனிங் கடைசி பார்ட் ஒரு பேட்டி, ஏ பி சி ஆப்ஷன். புதுசா வந்த பார்ட் 4, துண்டு பேப்பர் வெட்டினாங்களே அது, ஜெராக்ஸ் புக்ல இல்லவே இல்ல, மிஸ் தன் கைக்காசு போட்டு பிரிண்ட் எடுத்துட்டு வந்தாங்க. நீங்க எந்த சென்டர் போனாலும் காசு கட்டறதுக்கு முன்னாடி புக்க வாங்கிப் பொரட்டுங்க, ரீடிங்ல சரியா தப்பான்னு பத்து கேள்வி வரிசையா இருந்தா அது பழசு, திருப்பிக் குடுத்துட்டு வந்துருங்க.

வீட்ல என்ன பண்ணோம்னா ரொம்ப சிம்பிள். ஒரு பார்ட் மட்டும் எக்ஸாம் மாதிரி ரெண்டு தடவ ஓட விடறது, ஆன்சர் பாக்கறது, தப்பான கேள்விக்கு மட்டும் ஆடியோவ மறுபடி போட்டு, எந்த வார்த்தைல ஏமாந்தோம்னு எழுத்து வடிவத்துல கோடு போடறது. அப்புறம் அதுல இருந்து ஒரு இருபது செகண்ட் மட்டும் எடுத்து கேட்டு கேட்டு அப்படியே டிக்டேஷன் எழுதறது. இது போர், முகத்த தூக்கி வெச்சுக்குவாங்க, ஆனா இதுலதான் காது தொறக்குது. ஒட்டிப் பேசற வார்த்தையெல்லாம் ('வாட் ஆர் யூ'வ 'வாட்டர்யூ'ன்னு ஒரே மூச்சுல சொல்றாங்களே) அப்பதான் பிடிபடுது. டெஸ்ட் சலிச்சுப்போற அன்னிக்கு பிபிசியோட சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் போடுவோம், ஆறு நிமிஷம்தான், ஆரம்பத்துல ஒரு கேள்வி கேட்டுட்டு கடைசிலதான் விடை சொல்லுவாங்க, அந்த விடைக்காகவே உக்காந்து கேப்பா, ட்ரான்ஸ்கிரிப்ட்டும் சைட்லயே இருக்கு. ஆனா அது பி1க்கு கொஞ்சம் மேல, மொதல்லயே அதுல ஆரம்பிச்சா புள்ள மெரண்டுரும். பிரிட்டிஷ் கவுன்சிலோட லேர்ன் இங்கிலீஷ் டீன்ஸ்ல ஏ1, ஏ2, பி1னு லெவல் பிரிச்சு வெச்சிருக்காங்க, ஏ2ல தொடங்கி மேல போறது நல்லது. எல்லாமே ஃப்ரீ. இயர்ஃபோன்ல மட்டும் பழக்காதீங்க, பேப்பர் எக்ஸாம்ல ரூம்ல ஸ்பீக்கர்ல போடவும் வாய்ப்பு இருக்கு, ஃபேன் ஓடிட்டு இருக்கும்போது ஸ்பீக்கர்லயும் கேக்க விடுங்க.

"140 கேரண்டி"ன்னு சென்டர் வாசல்ல ஃப்ளெக்ஸ் வெச்சிருக்காங்க, நெறைய பேரு அத பாத்து பயப்படறாங்க இல்லனா மயங்கறாங்க. விஷயம் இதுதான், நாலு பேப்பரோட ஸ்கோரையும் சேத்து ஆவரேஜ் எடுக்கறாங்க, 140 வந்தா பாஸ், அதான் கிரேட் சி, 153 மேல கிரேட் பி, 160 மேல கிரேட் ஏ, கிரேட் ஏ வந்தா சர்டிபிகேட்ல பி2 லெவல்னே போடறாங்க. 140க்கு கீழ போனாலும் 120 தாண்டினா ஏ2ன்னு ஒரு சர்டிபிகேட் வருது, 120 தாண்டின யாரும் வெறுங்கையோட வரப்போறதில்ல. ஒழுங்கா ஸ்கூல் இங்கிலீஷ் படிக்கற ஒன்பதாவது புள்ளைக்கு 140 ஒண்ணும் மலை இல்ல, அதுக்கு கேரண்டின்னு காசு வாங்கறது ஓவர்.

மத்தபடி சென்டர் சுத்தமா இருக்கு, பொண்ணுங்க டாய்லெட் தனியா இருக்கு, கிளாஸ் முடிஞ்சதும் மெசேஜ் வந்துரும், டூ வீலர் நிறுத்த எடம் உண்டு, கார்னா கஷ்டம்.

எக்ஸாமுக்கு பேரு குடுக்கும்போது பேப்பரா கம்ப்யூட்டரான்னு ஸ்கூல்ல கண்டிப்பா கேட்டுக்கங்க, எங்களுக்கு யாரும் சொல்லல, நாங்களா கேட்டுத்தான் தெரிஞ்சுது. பேப்பர்னா லிஸனிங் முடிஞ்சப்புறம் விடையெல்லாம் ஆன்சர் ஷீட்ல ஏத்தி எழுத 6 நிமிஷம் தனியா தர்றாங்க, கம்ப்யூட்டர்ல அந்த 6 நிமிஷம் கெடையாது, கேக்கும்போதே டைப் பண்ணணும், கீபோர்டுல கை பழகாத புள்ளைங்கன்னா அதுக்கும் சேத்து இப்பவே உக்கார வைங்க.