₹9,500 போச்சு: காரைக்குடிப் பக்கம் பழைய வீடியோ கேம் கேசட் வாங்குறவங்க கவனத்துக்கு

முதல்லயே தொகையைச் சொல்லிடறேன். ₹9,500. அதுக்குக் கையில இருக்கறது ஒரு சாம்பல் நிற பிளாஸ்டிக் டப்பாவும், உள்ளே எவனோ அடிச்சுவிட்ட பச்சை போர்டும்தான். கோபம் இன்னும் ஆறல.

பொருள்: சூப்பர் நின்டெண்டோங்கற பழைய வீடியோ கேம் கன்சோலுக்கு 1994-ல வந்த சூப்பர் மெட்ராய்டு கேம், அமெரிக்க கேசட். கடை: இடிக்கிற செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வர்ற தேக்குத் தூண், பர்மா அரக்குப் பெட்டி, பீங்கான் ஜாடி எல்லாம் விக்கிற பழைய சாமான் கடை. பேரு போடல, கேக்காதீங்க.

எனாமல் தூக்குகளுக்கு நடுவுல ஒரு டிரங்குப் பெட்டி. அதுக்குள்ள, மஞ்சளான தினசரித் தாள்ல சுத்தி கேசட். "ஆச்சி வீட்டுச் சாமான்ணே. மூத்த மகன் சிங்கப்பூர்ல இருந்தப்ப வாங்குனது. பூட்டுன பெட்டி பூட்டுனபடியே கெடந்துச்சு"ன்னார் கடைக்காரர். கேசட் முதுகுல சிங்கப்பூர் டாலர் விலை ஸ்டிக்கர், 89.90, ஓரம் பழுப்பேறி, ஒரு மூலை கிழிஞ்சு. அந்த ஸ்டிக்கர்தான் கவுத்துச்சு. சிங்கப்பூர், மலேயா, ரங்கூன் சாமான் வந்து இறங்காத வீடு இந்தப் பக்கம் ஏது? நம்பாம இருக்கத் தோணல. ஸ்டிக்கர் அடிக்க எவ்வளவு ஆகும்னு யோசிக்கவும் தோணல.

கன்சோலைக் கையோட கொண்டு போயிருந்தேன், 230 வோல்ட்டை 110-ஆ இறக்குற டிரான்ஸ்ஃபார்மரோட. கடை டிவியில மாட்டினோம். டைட்டில் வந்துச்சு. கேம் தொடக்கத்துல வர்ற சீரிஸ் விண்வெளி நிலையத்துல இருந்து அறுபது செகண்டுக்குள்ள தப்பிச்சு, ஜீபஸ் கிரகத்துல இறங்கி, கப்பல் மேல நின்னு சேவ் பண்ணியாச்சு. ஆஃப் பண்ணி உடனே ஆன் பண்ணினா 'சாமுஸ் ஏ' வரிசையில சேவ் அப்படியே நிக்குது. "பாத்தீங்கள்ல?"

மோசமே அந்த 'உடனே'லதான். சேவ் உக்கார்றது எஸ்ரேம்ங்கற மெமரி சிப்புல, கன்சோல் ஆஃப்ல இருக்கறப்ப அதை அழியாம காப்பாத்துறது கேசட்டுக்குள்ள இருக்கற பேட்டரி. கரண்ட் போன பிறகும் போர்டுல மிச்சம் நிக்கிற சார்ஜ்ல அது கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். பேட்டரி செத்திருந்தாலும் இந்த டெஸ்ட்ல பாஸ் ஆயிடும். இது தெரிஞ்ச விஷயம்தான். தெரிஞ்சும் கடையில நின்னப்ப ஞாபகம் வரல பாருங்க.

திறந்து பார்க்கலாம்னு 3.8 மி.மீ. கேம்பிட்டை (இந்த கேசட் ஸ்க்ரூவைக் கழட்டுற தனி பிட்) எடுத்தேன். "ஸ்க்ரூவுல கை வச்சா மதிப்புப் போயிரும்ணே. நாளைக்கு மதுரைல இருந்து ஒருத்தர் வர்றார், அவருக்குக் குடுத்துக்கறேன்"ன்னார். பிட்டைத் திரும்பப் பையில போட்டுட்டு ஜிபேல ₹9,500 அனுப்பினேன்.

மறுநாள் காலையில சேவ் காலி. மூணு வரிசையும் வெறுமை. திறந்தா உள்ளே இருந்தது இது:

ஒரிஜினல் போர்டுல நின்டெண்டோ பேரும், எஸ்எச்விசின்னு தொடங்குற போர்டு எண்ணும் அச்சா இருக்கும். இதுல ஒரு எழுத்துகூட இல்ல. அமெரிக்க, ஜப்பான் கேசட்ல இருக்க வேண்டிய டி411 லாக் சிப் (ஒரிஜினல் கேசட்தானான்னு கன்சோல் சரிபார்க்கற சிப்) இல்ல. அந்த இடத்துல பேரழிச்ச எட்டுக்கால் சிப் ஒண்ணு. கேம் 24 மெகாபிட், அது மாஸ்க் ரோம்ல, அதாவது தயாரிக்கும்போதே பதிச்ச, மாத்த முடியாத சிப்புல இருக்கணும். இங்கே 29எல்வி320, அழிச்சு அழிச்சு எழுதற 32 மெகாபிட் ஃப்ளாஷ் சிப். அந்த 'எல்வி'யைக் கவனிங்க. அது 3.3 வோல்ட் சிப், கன்சோல் ஓடுறது 5 வோல்ட்ல. நடுவுல வோல்டேஜ் அளவை மாத்துற சிப் எதுவும் வைக்காம நேரா இணைச்சிருக்கான். இப்படி ஓட்டினா கேசட் மட்டும் போகாது, கன்சோல் பக்கத்து சிப்புகளுக்கும் சுமை. பணத்தை விட எனக்கு எரிச்சல் அதுலதான்.

பேட்டரி சிஆர்2032. ஒரிஜினல்ல தகடு வெல்ட் பண்ணி, அந்தத் தகட்டைத்தான் போர்டுல பத்த வச்சிருக்கும். இதுல காசு மாதிரி இருக்கற பேட்டரி முதுகுலயே நேரா ஈயத்தை ஊத்தியிருக்கான், கொட்டைப்பாக்கு அளவுக்கு. அந்தச் சூட்டுலயே பேட்டரி போயிருக்கும். 3 வோல்ட் காட்ட வேண்டிய இடத்துல மீட்டர் காட்டினது 0.4.

போன் பண்ணினேன். முதல் நாள்: "பேட்டரி மாத்துங்கண்ணே, சரியாயிரும்." ரெண்டாம் நாள்: "முதலாளி தேவகோட்டைல கல்யாண வீட்ல இருக்கார்." அப்போ இவ்வளவு நேரம் முதலாளி மாதிரி பேசினது யாருன்னு கேட்டா லைன் கட். நேர்ல போனேன். "பழைய சாமானுக்கு ஏதுண்ணே கேரண்டி? கடையில ஓடுச்சுல்ல?" போர்டு போட்டோவைக் காட்டினா, "நீங்க மாத்திட்டு வந்து காட்டலேன்னு என்ன நிச்சயம்?" திறக்க விடாததே இந்தப் பதிலுக்குத்தான்னு அப்பதான் உறைச்சுச்சு. பில்லா? வெள்ளைத் துண்டுச்சீட்டு எஸ்டிமேட். அதுல எழுதியிருக்கறது: "பழைய சாமான் – 1 – 9,500." கேசட்ங்கற வார்த்தையே கிடையாது.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லியிருக்கேன். ஜிபே ரசீதையும் அந்தச் சீட்டையும் வச்சு என்ன ஆகும்னு பார்ப்போம்.

வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியதை வரிசையா எழுதணும்னுதான் உக்காந்தேன். கை ஓடல. அவசரத்துக்கு இதை வச்சுக்கோங்க. திறக்க விடலைன்னா வாங்காதீங்க. சேவ் பண்ணிட்டு கேசட்டைக் கழட்டி அரை மணி நேரமாவது வச்சுட்டு மறுபடி போடுங்க, டீ குடிக்கிற நேரம்தான். அமெரிக்க கேசட்னா பின் லேபிள்ல அழுத்தின மாதிரி பள்ளமா ரெண்டு இலக்க எண் இருக்கும், வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. இந்த கேம் சேவ் மெமரியைச் சோதிச்சு, நகல்னு கண்டா திரையில எச்சரிக்கை போடும். அது வரலைன்னா ஒரிஜினல்னு முடிவு கட்டாதீங்க, போலி அடிக்கிறவன் அந்தச் சோதனையையே வெட்டிடறான். சீட்டுல பொருள் பேரை எழுதி வாங்குங்க.

அந்த டிரங்குப் பெட்டியில இன்னும் நாலு கேசட், அதே தினசரித் தாள்ல சுத்தி இருக்கு. தை மாசம் கல்யாணம் காட்சிக்கு ஊருக்கு வர்றவங்க பார்த்துக்கோங்க.